யாரும் படித்துப் பார்க்காத விதி

நம் வீட்டுப் பிள்ளைகளின் பேச்சில் ‘கேட்ச் 22’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை கிடைத்தால்தான் அனுபவம் என்றால் அது கேட்ச் 22. ஊர் விட்டு ஊர் வந்து குடியேறிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு காலத்தில் கேஸ் இணைப்புக்குப் போனால் ரேஷன் கார்டு எங்கே என்பார்கள். ரேஷன் கார்டுக்குப் போனால் கேஸ் ரசீது எங்கே என்பார்கள். இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே நாம் நடந்த நடை கொஞ்சமா!

இந்தச் சொல் ஓர் அமெரிக்க நாவலின் தலைப்பு. ஜோசப் ஹெல்லர் எழுதி 1961-இல் வெளிவந்தது. அவர் முதலில் வைத்த பெயர் ‘கேட்ச் 18’. அதே சமயத்தில் லியான் யூரிஸ் என்பவரின் ‘மிலா 18’ என்ற நாவலும் வந்ததால் எண்ணை மாற்றிவிட்டார்கள். (18 என்றே விட்டிருந்தால் பாரதப் போரைக் கேட்டு வளர்ந்த நமக்கு இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.) பெயர் பெற்ற அளவுக்கு நாவல் படிக்கப்படுவதில்லை. படித்தவர்களுக்குத் தெரியும், அதில் இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. நம் பிள்ளைகள் சொல்வது முதல் அர்த்தம் மட்டுமே.

நான் டிப்ளமா படித்தவன். வேலை பார்த்ததெல்லாம் இரயில்வேயில், தண்டவாளத்தின் பக்கத்தில். தத்துவம் முறையாகப் படித்தவனல்ல. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விதிப் புத்தகத்தோடு குடும்பம் நடத்தியவன். ஒரு விதியைப் பற்றி எழுநூறு கோப்புகள் வந்தாலும் அசராதவனுக்குக்கூட இந்த நாவல் ஒரு புது விஷயத்தைச் சொன்னது. அதனால் எழுதுகிறேன்.

கதை நடப்பது 1944-இல், இத்தாலிக்குப் பக்கத்தில் பியானோசா என்ற சின்னத் தீவில். அங்கே அமெரிக்க குண்டுவீச்சு விமானப் பிரிவு ஒன்று இருக்கிறது. நாயகன் யொஸாரியன், விமானத்தின் மூக்கில் உட்கார்ந்து குண்டு போடுகிறவன். ஹெல்லர் இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை. அவரே 1944-இல் கோர்சிகா தீவிலிருந்து 60 முறை இதே வேலையாகப் பறந்தவர்.

இத்தனை முறை பறந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு கணக்கு உண்டு. தலைமையகத்தின் கணக்கு 40. ஆனால் பிரிவுத் தலைவர் கர்னல் காத்கார்ட்டுக்கு ஜெனரலாக வேண்டும் என்று ஆசை. ஆட்கள் கணக்கை முடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் 45 என்பார், பிறகு 50, 55, 60. கடைசியில் 80 வரை போகிறது. தலைமையகம் 40 போதும் என்கிறதே என்று கேட்டால், மேலதிகாரி சொல்வதற்குக் கீழ்ப்படி என்றும் அதே தலைமையகம் சொல்கிறது.

படிக்க ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு யோசனை. இந்த நாவலில் காலம் முன்னும் பின்னும் தாவும். முதல் நூறு பக்கத்தில் பலர் மூடி வைத்துவிடுகிறார்கள். இந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது கணக்கு 50-இல் இருக்கிறதா, 60-இல் இருக்கிறதா என்று பார்த்தால் கதையில் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். தண்டவாள ஓரத்துக் கிலோமீட்டர் கல் மாதிரி.

இனி அந்தப் பெயர் பெற்ற விதி. பைத்தியம் பிடித்தவனைப் பறக்க விடக் கூடாது. டாக்டர் சீட்டுக் கொடுத்து இறக்கிவிட வேண்டும். ஆனால் அவன் வாய் திறந்து கேட்க வேண்டும். உயிருக்குப் பயந்து கேட்கிறான் என்றால் அவனுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே பறக்க வேண்டும். கேட்காதவன் பைத்தியம், ஆனால் கேட்கவில்லையே! இதுதான் கேட்ச் 22. யொஸாரியன் இதைக் கேட்டதும் கோபப்படுவதில்லை. எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள் என்று வியந்து போகிறான். ஒரு நல்ல இயந்திரத்தைப் பார்க்கும் வியப்பு அது.

‘அபத்தம்’ என்று நம் சிறுபத்திரிகைகளில் எழுதுவார்களே, அது இங்கேதான் வருகிறது. பிரான்சில் ஆல்பெர் காம்யு 1942-இல் சிசிஃபஸ் பற்றி ஒரு நூல் எழுதினார். கிரேக்கக் கதையில் சிசிஃபஸ் மலை உச்சிக்குப் பாறையை உருட்டுவான். அது திரும்ப உருண்டு கீழே வரும். மறுபடி உருட்டுவான், முடிவே இல்லாமல். மனிதன் அர்த்தம் கேட்கிறான், உலகம் பதில் சொல்வதில்லை. இந்த இரண்டும் மோதுகிற இடம்தான் அபத்தம் என்பது காம்யுவின் கருத்து. சார்த்தர் இன்னொரு பக்கம் பிடித்தார். மனிதனுக்கு விடுதலையிலிருந்து தப்பிக்க வழியில்லை, தேர்ந்தெடுக்காமல் சும்மா இருப்பதும் ஒரு தேர்வுதான் என்றார். இதை இருத்தலியம் என்கிறோம்.

யொஸாரியனும் ஒரு சிசிஃபஸ்தான். 45 முடித்து உச்சிக்கு வந்ததும் எண் 50 ஆகிறது, பாறை கீழே. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சிசிஃபஸுக்குத் தண்டனை கொடுத்தவர்கள் தேவர்கள். இங்கே பாறையை உருட்டி விடுவது பதவி உயர்வுக்கு ஆசைப்படும் ஒரு கர்னல். காம்யுவின் அபத்தம் வானத்திலிருந்து வருகிறது. ஹெல்லரின் அபத்தம் அலுவலகத்திலிருந்து, தட்டச்சு செய்து, கையெழுத்தாகி வருகிறது. பிரெஞ்சுக்காரர்களைவிட இவர் நமக்கு நெருக்கமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தப் படைப்பிரிவில் காகிதம் சொல்வதே நிஜம். டாக்டர் டானீகா பறக்கும் படி வாங்குவதற்காக, ஏறாத விமானத்தின் பட்டியலில் தன் பெயரை எழுத வைப்பார். ஒரு நாள் அப்படிப் பெயர் எழுதிய விமானம் மலையில் மோதுகிறது. டாக்டர் தரையில் எல்லார் நடுவிலும் நிற்கிறார். ஆனால் பட்டியலில் பெயர் இருக்கிறதே! இறந்துவிட்டார் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். மனைவிக்குத் தந்தி போகிறது, இன்ஷூரன்ஸ் பணம் வருகிறது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று அவர் எழுதியும் பயனில்லை. கடைசியில் மனைவி புது முகவரிகூடச் சொல்லாமல் பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போய்விடுகிறாள். ஆண்டுதோறும் நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கும் பென்ஷன்காரர்கள் இந்த அத்தியாயத்தை அவ்வளவு சுலபமாகச் சிரித்துவிட்டுப் போக முடியாது.

ஆனால் சிரிப்போடு நாவல் நின்றுவிடவில்லை. விமானத்தில் ஸ்னோடன் என்ற இளைஞன் அடிபடுகிறான். தொடையில் தெரியும் காயத்துக்கு யொஸாரியன் பொறுமையாகக் கட்டுப் போடுகிறான். உண்மையான காயம் சட்டைக்குள்ளே, கவச உடைக்கு அடியில் இருக்கிறது. இந்தக் காட்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிக்கொண்டு வந்து, முடிவுக்குச் சற்று முன்புதான் முழுவதையும் சொல்கிறார் ஆசிரியர். அதற்குப் பிறகு முன்னால் படித்த வேடிக்கையெல்லாம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

இரண்டாவது அர்த்தத்துக்கு வருகிறேன். கடைசிப் பகுதியில் யொஸாரியன் ரோம் நகருக்குப் போகிறான். தெரிந்த வீடு ஒன்று காலியாகக் கிடக்கிறது. சிப்பாய்கள் வந்து அங்கிருந்த பெண்களைத் தெருவில் துரத்திவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு கிழவி. என்ன உரிமையில் செய்தார்கள் என்றால், கேட்ச் 22 என்றார்களாம். அதை வாசித்துக் காட்டினார்களா? இல்லை. காட்டத் தேவையில்லை என்று அந்த விதியிலேயே இருக்கிறதாம். அப்போது யொஸாரியனுக்கு உறைக்கிறது: அப்படி ஒரு விதியே கிடையாது. இல்லாததால்தான் அதைக் கிழிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது, நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. எல்லாரும் இருக்கிறது என்று நம்புவதே அதற்குப் போதும்.

இந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரயில்வேயிலும் விதி கடுமைதான். ஆனால் 1976-இன் பொது விதிகள் புத்தகம் கையில் இருக்கும். எந்தப் பகுதியில் எத்தனை கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்பது டிரைவர் கையில் எழுத்தாகக் கொடுக்கப்படும். ஸ்டேஷன் வேலை விதிகளைப் படித்தேன், புரிந்துகொண்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். பல விதிகளுக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கும். காட்டக்கூடிய விதி மனிதனைக் காக்கும். காட்ட முடியாத விதி யாரைக் காக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நம் தமிழில் சட்டத்துக்கும் விதி, தலையெழுத்துக்கும் விதி. முன்னதைப் பின்னது என்று நம்ப வைத்துவிட்டால் ஆளுகிறவனுக்கு வேறு காவல் தேவையில்லை.

அப்படியானால் விடுதலை எங்கே? நாவல் முழுவதும் யொஸாரியன் அனுமதி கேட்டுக்கொண்டே இருக்கிறான். டாக்டரிடம் கேட்கிறான், மேஜரிடம் கேட்கிறான், ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொள்கிறான். கேட்காத ஒருவன் அவன் கூடாரத்திலேயே இருக்கிறான். ஆர் என்று பெயர், குள்ளமான விமானி. எப்போதும் அடுப்பின் வால்வைப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருப்பான். யொஸாரியனுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். எனக்கோ அவனைப் பார்த்ததும் பழக்கப்பட்ட ஆள் மாதிரி இருந்தது. நல்ல ஃபிட்டர்கள் இப்படித்தான் இருப்பார்கள். வாயில் பதில் இராது, கையில் இருக்கும். அவன் விமானம் அடிக்கடி அடிபட்டுக் கடலில் இறங்கும். ஒவ்வொரு முறையும் தப்பி வருவான். என்னோடு பற என்று யொஸாரியனைக் கூப்பிடுவான். இவன் மாட்டேன் என்பான். ஒரு நாள் ஆர் திரும்பவில்லை. கடலில் விழுந்து எழுந்ததெல்லாம் ஒத்திகை என்று அப்போது யாருக்கும் தெரியாது.

யொஸாரியனுக்குக் கடைசிச் சோதனை வேறு விதத்தில் வருகிறது. எழுபதைத் தாண்டிய பிறகு அவன் இனிப் பறக்க மாட்டேன் என்கிறான். அதிகாரிகள் தண்டிக்கவில்லை, பேரம் பேசுகிறார்கள். பதக்கமும் பதவி உயர்வும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறோம், எங்களைப் பற்றி நல்லபடியாகப் பேசு, எங்களை நேசி, அது போதும். ஒப்புக்கொள்கிறான். பிறகு மனம் மாறி, வேண்டாம் என்று விடுகிறான். நாவலின் மிகப் பெரிய சம்பவம் இதுதான் என்பது என் எண்ணம். அபத்தத்துக்குப் பலியாக இருப்பது ஒன்று. சம்பளம் வாங்கிக்கொண்டு அதற்குப் பங்காளியாவது இன்னொன்று. நம் பிள்ளைகள் வேலை பார்க்கும் பெரிய அலுவலகங்களில் முதல் வகை ஆபத்து குறைவு, இரண்டாவதுதான் அதிகம்.

ஓடிப் போவது கோழைத்தனம் இல்லையா, எதிரே நின்றது ஹிட்லர் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, நாவலிலேயே கேட்கப்படுகிறது. எழுபது முறை நாட்டுக்காகப் பறந்தாயிற்று, போர் முடியப் போகிறது, இப்போது பறப்பது கர்னலின் பதவிக்காக என்பது யொஸாரியனின் வாதம். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. அவனுக்குப் பதில் வேறொருவன் அந்த இருக்கையில் உட்கார வேண்டுமே.

அவன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது செய்தி வருகிறது: ஆர் சாகவில்லை, ரப்பர் படகில் சின்னத் துடுப்பைப் போட்டுக்கொண்டே ஸ்வீடன் போய்ச் சேர்ந்துவிட்டான். இத்தாலியிலிருந்து ஸ்வீடன் எவ்வளவு தூரம் என்று தேசப்படத்தை எடுத்துப் பார்த்தால் நம்பவே முடியாது. யொஸாரியன் நம்புகிறான். நானும் போகிறேன் என்று கிளம்புகிறான். வாசலில் அவனைக் கொல்லக் காத்திருந்த ஒரு பெண்ணின் கத்தி மயிரிழையில் தவறுகிறது. அவன் ஓடுகிறான்.