அலைகடலில் ஓர் இல்லறம்

கணவனும் மனைவியுமாக ஒரு சிறு பாய்ப்படகில் ஏறி, அதையே வீடாகக் கொண்டு, உஷ்ணப் பிரதேசத் தீவுகளுக்கிடையே வருஷக்கணக்காகச் சஞ்சரிப்பவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போது, தென்னை நிழலும் வெண்மணலும் நீலக் கடலும் சூழ, யாதொரு காரியமுமின்றிச் சாய்ந்து கிடக்கும் இருவருடைய உருவமே நம் மனத்தில் முதலில் தோன்றுகிறது. அது முழுப் பொய்யன்று. அத்தகைய பிற்பகல்கள் அவர்களுக்கு நிறையவே வாய்க்கின்றன. ஆனால் அவர்களுடைய சாவகாசம் வேலை இல்லாததனால் வந்ததன்று, அவசரத்தை விட்டொழித்ததனால் வந்தது என்பதும், அந்த அவசரமின்மை கடலில் உயிர்க்காப்பாகவே இருக்கிறது என்பதும், அவ்வாழ்க்கையைச் சற்று அருகே நின்று பார்த்தால்தான் விளங்கும்.

சிறு படகில் தன்னந்தனியே உலகைச் சுற்றிவர முடியும் என்று முதலில் காட்டியவர் ஜோஷுவா ஸ்லோகம். அவர் 1895-இல் புறப்பட்டு 1898-இல் திரும்பினார். அந்தக் கடல்வழியை இல்லறத்தாரும் நடத்தக்கூடிய வாழ்க்கையாகப் பலருக்கும் அறிமுகப்படுத்தியவர்களுள் முக்கியமானவர்கள் எரிக் ஹிஸ்காக், ஸூஸன் ஹிஸ்காக் என்ற ஆங்கிலேயத் தம்பதியர். 1952-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், 30 அடி நீளமுள்ள ‘வாண்டரர் 3’ என்ற மரப்படகில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்ட அவர்கள், பனாமா, தாஹிதி, பிஜி, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா முதலிய இடங்களையெல்லாம் கண்டு, மூன்று வருஷங்கள் கழித்து ஊர் திரும்பினார்கள். எரிக்குக் கண்பார்வை மிகவும் குறைவு. இருந்தும் 1959 முதல் 1962 வரை அதே படகில் மறுபடியும் உலகைச் சுற்றினார்கள். கட்டுரைகளும் புகைப்படங்களும் பிரயாண நூல்களுமே அவர்களுடைய ஜீவனோபாயம்.

இத்தகைய தம்பதியர் செல்லும் வழியை அவர்கள் தேர்ந்தெடுப்பதாகச் சொல்வதைவிட, காற்று அவர்களுக்கு வகுத்துக் கொடுப்பதாகச் சொல்வதே பொருந்தும். பூமத்திய ரேகையை அடுத்த பகுதியில் காற்று வெப்பமடைந்து மேலெழ, அவ்விடத்தை நிரப்ப வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் விரையும் காற்று, பூமியின் சுழற்சியினால் திசை திரும்பி, வடகிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் மாதக்கணக்கில் ஒரே சீராக வீசுகிறது. வியாபாரக் காற்று என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது இதைத்தான். இதை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கு நோக்கிச் செல்வது சுலபம். எதிர்த்துக் கிழக்கே செல்வது துன்பம். ஆகையால் அட்லாண்டிக்கைக் கடந்து, 1914-இல் திறக்கப்பட்ட பனாமாக் கால்வாய் வழியாகப் பசிபிக்கில் நுழைந்து, மார்க்கேசாஸ், துவாமோத்து, தாஹிதி, டோங்கா, பிஜி என்று தீவு தீவாக மேற்கே செல்வதே வழக்கமாயிற்று. தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயற்காலம். அது தொடங்குமுன் நியூசிலாந்து போன்ற தென்திசைத் துறைமுகங்களுக்கு ஒதுங்கிவிட்டு, அது கழிந்த பின்னரே மீண்டும் தீவுகளுக்குத் திரும்புகிறார்கள்.

காலாபாகஸ் தீவுகளிலிருந்து மார்க்கேசாஸ் தீவுகள் ஏறக்குறைய 3,000 கடல் மைல். மூன்று நான்கு வாரங்களுக்குக் கரை என்பதே கண்ணில் படாது. இரவும் பகலும் ஒருவர் மாற்றி ஒருவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்தால் இருவருடைய உடம்பும் தாங்காது. ஆதலால் ஹிஸ்காக் தம்பதியர், காற்று பின்னாலிருந்து வீசும்போது பாய்மரத்துக்கு முன்னே இரண்டு பாய்களை இருபுறமும் விரித்து, அவற்றின் கயிறுகளைச் சுக்கானோடு இணைத்துவிடுவார்கள். வண்டிக்காரன் கண்ணயர்ந்தாலும் வழி தெரிந்த மாடுகள் வண்டியை வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பது போல, படகு தானாகவே தன் திசையில் போய்க்கொண்டிருக்கும். பிற்காலத்தில், காற்றின் திசையை உணர்ந்து சுக்கானைத் திருப்பும் கருவிகள் வந்து இந்த உபாயத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. எனினும், எதிரே வரும் பெருங்கப்பலைக் காண்பதற்கு ஒரு ஜோடிக் கண்கள் விழித்திருந்தே ஆகவேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாறிக் காவல் இருக்கும் அந்த இராக்காலங்களில், ஒருவர் எழுந்து வர மற்றவர் படுக்கப் போவதால், ஒரே படகில் வாழும் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் சந்திப்பதே பகற்பொழுதில் சில மணி நேரந்தான்.

இவ்வளவு சாவகாசமாக வாழும் இவர்கள்தாம், செயற்கைக்கோள் உதவி இல்லாத அந்நாளில், எந்தக் காரியாலயத்திலும் காணமுடியாத அளவு துல்லியமாகக் கடிகாரத்தைப் பேணினார்கள் என்பது வேடிக்கை. சூரியனுடைய உயரத்தை ஸெக்ஸ்டன்ட் கருவியால் அளந்து தீர்க்கரேகையைக் கணக்கிடும்போது, கடிகாரம் நான்கு வினாடி பிசகினால், பூமத்திய ரேகையருகே படகின் இடம் ஒரு கடல் மைல் பிசகிப்போகும். ஆகையினால் வானொலியின் நேரக் குறிப்பைத் தவறாமல் கேட்டுக் கடிகாரத்தைச் சரிபார்ப்பது அவர்களுக்கு நித்திய கர்மமாக இருந்தது.

சமையலறை என்பது, இருவர் சேர்ந்து நிற்க இடமில்லாத ஒரு மூலை. படகு எப்பக்கம் சாய்ந்தாலும் பாத்திரம் கவிழாதபடி அடுப்பு ஊசலாடும் கொக்கிகளில் தொங்கும். முட்டைகளின் ஓட்டில் வாஸலைன் தடவி வைத்தால், குளிர்ப்பெட்டி இல்லாமலே வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் காற்றோட்டமாக வலைப்பைகளில் தொங்கும். வாழைக்குலையோ, தொங்கவிட்ட சில நாட்களில் எல்லாச் சீப்பும் ஒருமிக்கப் பழுத்து, அந்த வாரம் முழுவதும் மூன்று வேளையும் வாழைப்பழமே ஆகாரம் என்று விதித்துவிடும். குளிப்பது கடல்நீரில். குடிநீரை அளந்து செலவிட்டு, மழை வந்தால் கூடாரத் துணியை விரித்து மழைநீரைப் பிடித்துக்கொள்வார்கள்.

கடல் நடுவே இருப்பதைவிடக் கரையை நெருங்குவதில்தான் ஆபத்து அதிகம். துவாமோத்துவைச் சேர்ந்தவை வளையவடிவப் பவளத்தீவுகள். எரிமலைத் தீவு மெல்ல அமிழ, அதன் கரையில் வளர்ந்த பவளம் மட்டும் மேலே மேலே எழும்பி இவ்வளையங்கள் உண்டாயின என்று 1842-இல் விளக்கியவர் சார்ல்ஸ் டார்வின். தென்னை உயரத்துக்குமேல் எதுவும் இல்லாமையால் இத்தீவுகள் சில மைல் தூரம் வரும்வரை கண்ணுக்கே புலப்படா. வளையத்தின் ஒரு பக்கத்தில் அலைகள் ஓயாமல் உள்ளே கொட்டும் நீரெல்லாம், மறுபக்கத்தில் உள்ள குறுகிய வாயில் வழியாக ஆற்று வெள்ளமாகச் சீறி வெளியேறும். நீரோட்டம் தணியும் நேரம் பார்த்து, சூரியன் உச்சியிலோ பின்புறத்திலோ இருக்கும்போது, ஒருவர் சுக்கானில் நிற்க, மற்றவர் பாய்மரத்தின்மேல் ஏறி நின்று நீரின் நிறத்தைப் பார்த்து வழி சொல்ல வேண்டும்: கருநீலமானால் ஆழம், பச்சையானால் ஆழம் குறைவு, பழுப்பானால் பவளப்பாறை. மாலை நான்கு மணிக்கு வாயிலை எட்டியவர்கள், உள்ளே அமைதியான குளம் போன்ற நீர் கண்ணெதிரே தெரிந்தாலும், பாயைக் குறைத்து, படகை ஏறக்குறைய நிறுத்தி, இரவு முழுவதும் வெளிக்கடலில் ஆடிக்கொண்டு காத்திருப்பதே விவேகம். ‘இருட்டுமுன் நுழைந்துவிடலாம்’ என்ற நினைப்பினால் பவளப்பாறையில் மோதி உடைந்த படகுகள் பல.

நங்கூரம் பாய்ச்சியபின் உல்லாசமும் உழைப்பும் கைகோத்து வருகின்றன. வெயிலினால் இற்றுப்போன பாயின் தையலைக் கையால் மறுபடி தைக்கவேண்டும். படகின் அடியில் பாசியும் சிப்பியும் படிந்தால் சுரண்டவேண்டும். மரப்படகானால், மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழுவுக்கு எதிராக விஷ வர்ணம் பூசவேண்டும். இவை முடிந்த பின், மார்க்கேசாஸைச் சேர்ந்த ஹீவா ஓவாத் தீவின் ஆதுவோனா என்ற சிற்றூரில் ஓவியர் கோகானின் சமாதியைக் கண்டு வரலாம். அதே மயானத்தில், 1975-இல் தம்முடைய பாய்ப்படகில் அங்கே வந்து சேர்ந்து, அத்தீவிலேயே தங்கிவிட்ட பாடகர் ழாக் பிரெல்லும் உறங்குகிறார். போகவேண்டிய நாள் என்று ஒன்று இல்லாமையால், ஒரு தீவில் ஒரு வாரம் தங்க நினைத்தவர்கள் ஒரு மாதம் தங்குவது சகஜம்.

இச்சரித்திரத்தில் நம்மவருக்கும் ஓர் இடம் உண்டு. 1928 முதல் 1931 வரை ‘ஸ்வாப்’ என்ற 32 அடிப் படகில் உலகைச் சுற்றிய வில்லியம் ஆல்பெர்ட் ராபின்ஸன் என்ற அமெரிக்கர், 1934-இல் மனைவி புளோரன்ஸுடன் காலாபாகஸ் தீவுகளில் இருந்தபோது, குடல்வால் அழற்சி முற்றி உயிருக்குப் போராடினார். அமெரிக்கக் கடற்படையினர் விரைந்து வந்து அவரைக் காப்பாற்றினார்கள். பின்னர் அவர், யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை விலைக்கு வாங்கி, அதற்கு மனைவியின் பெயரையே சூட்டினார். அக்கப்பலை ஓட்டிச் சென்று 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தவர்கள் வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள்.

இதற்கெல்லாம் பெருஞ்செல்வம் வேண்டுமோ என்றால், லாரி பார்டி, லின் பார்டி தம்பதியர் வேண்டாம் என்று நிரூபித்தார்கள். 1968-இல் தாமே கட்டி முடித்த 24 அடிப் படகான ‘ஸெராஃபின்’-இல், இயந்திரமே இல்லாமல், எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில், வழிநெடுக மரவேலையும் படகு பழுதுபார்க்கும் வேலையும் செய்து பிழைத்துக்கொண்டு, பதினொரு வருஷங்களில் அவர்கள் உலகைச் சுற்றினார்கள். இயந்திரம் இல்லாதவனுக்குக் காற்று வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதனால் காத்திருப்பதையே அவர்கள் ஒரு வித்தையாகக் கற்றுக்கொண்டார்கள்.

இன்று செயற்கைக்கோள், படகு நிற்கும் இடத்தை விநாடிக்கு விநாடி சொல்கிறது. வானிலை அறிக்கை வீட்டுக்கு வருவது போலப் படகுக்கும் வருகிறது. ஆயினும் அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் எச்சரிக்கை கருவிகளைப் பற்றியதன்று. இன்ன தேதியில் இன்ன தீவுக்கு விமானத்தில் வந்திறங்கினால் அங்கே சந்திப்பதாக நண்பர்களுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள் என்பதே அது. வாக்கைக் காப்பாற்றுவதற்காகக் கெட்ட வானிலையில் புறப்படுகிறவன், கடலின் நியதியை விட்டுவிட்டு நகரத்தின் நியதியைக் கடலுக்குள் கொண்டுவருகிறான். அந்தத் தீவுகளின் தென்னை நிழலைச் சாவகாசமாக அனுபவிக்கும் தகுதி, காத்திருக்கப் பொறுமையும், காத்திருக்கும்போது கையில் வேலையும் உள்ளவர்களுக்கே உரியது.