கொல்லிமலையில் குழு வளரும் விதம்

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில், மரவள்ளிச் சாகுபடி பரவியதாலும், குத்திப் புடைக்கும் உழைப்பு பெண்கள்மீதே விழுந்ததாலும் சாமை, தினை முதலிய சிறுதானியங்கள் குறைந்துவந்த நிலையில், சென்னையில் 1988இல் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலையாளிப் பழங்குடி உழவர்களோடு இணைந்து அவற்றை மீட்கும் பணியில் ஈடுபட்டது. அப்பணிக்கு அடித்தளமாக அமைந்தவை சுய உதவிக் குழுக்களாகும். இவை பொதுவாக 10 முதல் 20 பேர் வரை ஒன்றுகூடிச் சிறுசேமிப்பும் கலந்துரையாடலும் நடத்தும் அமைப்புகளாகும்.

எண்ணிக்கை சிறிதாக இருப்பதால் ஒவ்வொருவரும் பேச வாய்ப்புப் பெறுகின்றனர். முறையாகக் கூடுவதால் நம்பிக்கை வளர்கிறது. ஆயினும் பேச்சு மட்டும் உறுப்பினர்களை நெடுநாள் பிணைத்து வைப்பதில்லை. விதைப்புக்கு விதை கடனாகப் பெற்று, அறுவடைக்குப்பின் கூடுதல் அளவோடு திருப்பித் தரும் விதை வங்கியும், உமி நீக்கும் பொது இயந்திரமும் கூட்டத்திற்குக் கண்கூடான பயனைச் சேர்த்தன. குழுக்கள் பெருகியபோது, ஒரே குழுவைப் பெரிதாக்காமல், அவற்றை ஒரு கூட்டமைப்பின்கீழ் இணைத்தமை சிறப்புக்குரியது.

இத்தகைய குழுக்கள் நீடிக்கப் பயனோடு விதிகளும் வேண்டும். பொதுவளங்களை மக்களே விதி வகுத்துக் காக்க இயலும் என நிறுவி, 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், விதிகளை அவற்றுக்குக் கட்டுப்படுவோரே உருவாக்குவதும், மீறலுக்குப் படிப்படியான தண்டனை விதிப்பதும் நீடித்த அமைப்புகளின் இயல்புகள் என்று காட்டினார். எந்தக் குழுவையும் வளர்க்க முனைவோர், உறுப்பினர் எண்ணிக்கைக்கு முன்னர் விதி வகுக்கும் உரிமையையும் அதற்குக் கட்டுப்படும் பொறுப்பையும் பேணுதல் வேண்டும்.