புக்மார்க் வெச்சா மட்டும் போதுமா?

மினி ப்ராஜெக்டுக்காக எங்க டீம் நூலகத் தரவை வைத்து ஒரு டாஷ்போர்டு செய்திருந்தது. ரிவ்யூ அன்று மேடம் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்த புக்கை நான் போன வாரமே திருப்பிக் கொடுத்துட்டேனே, இன்னும் ஏன் என் பேர்ல இருக்கு?" எங்களிடம் பதில் இல்லை. தினமும் ஓடிய லோட் ஒரு எரர்கூடக் காட்டவில்லை.

தப்பு எங்கேன்னு அப்புறம்தான் புரிந்தது. முதலில் எல்லா டேபிளையும் தினமும் அழித்துவிட்டு முழுசா ஏற்றினோம். தரவு பெருகப் பெருக நேரம் இழுத்தது. அதனால் இன்கிரிமென்டல் லோடுக்கு மாறினோம். கடைசியாக ஏற்றிய ஐடி எதுவோ அதைக் குறித்துவைத்து, அதற்கு மேல் உள்ளதை மட்டும் எடுப்பது. இந்தக் குறிப்புக்குப் பெயர் வாட்டர்மார்க். புத்தகத்தில் வைக்கும் புக்மார்க் மாதிரிதான். ஆனால் நாம் படித்து முடித்த பக்கமே பிறகு மாறினால்?

அதுதான் நடந்தது. புத்தகம் எடுக்கும்போது ஒரு புது ரோ வருகிறது. திருப்பும்போது அதே ரோவில் தேதி மட்டும் நிரம்புகிறது; ஐடி மாறுவதில்லை. எங்க லோட் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஆகவே ஒவ்வொரு டேபிளுக்கும் தனி வழி வேண்டும்.

நூலக வருகைப் பதிவில் ரோக்கள் சேரும், மாறாது. இதற்கு ஐடி போதும்.

இரவல் டேபிளில் ரோக்கள் மாறும். இதற்குக் 'கடைசியாக மாறிய நேரம்' என்ற காலம் தேவை. எடுத்த ரோ ஏற்கெனவே இருந்தால் திருத்தணும், இல்லாவிட்டால் சேர்க்கணும். இதுதான் அப்சர்ட். போஸ்ட்கிரெஸில் 2016-இல் வந்த 9.5 பதிப்பிலிருந்தே 'இன்சர்ட் ஆன் கான்ஃப்ளிக்ட்' இருக்கிறது.

துறைகள் டேபிளில் மொத்தமே கொஞ்சம் ரோக்கள். முழுசாவே ஏற்றிடுங்க, மூளையைக் கசக்க வேண்டாம்.

டெலீட் ஆன ரோ எந்த வாட்டர்மார்க்கிலும் சிக்காது. 'நீக்கப்பட்டது' என்று ஒரு காலத்தில் குறிக்கலாம். அல்லது அவ்வப்போது இரண்டு பக்க ஐடிகளையும் ஒப்பிடலாம்.

நேரத்தை நம்புவதிலும் ஒரு பொறி உண்டு. போஸ்ட்கிரெஸில் 'நவ்' தருவது ட்ரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம். 10:00-க்குத் தொடங்கிய ஒன்று 10:05-க்குத்தான் கமிட் ஆகிறது. உங்க லோட் நடுவில் 10:03-க்கு ஓடி, வாட்டர்மார்க்கை 10:02-க்கு நகர்த்திவிடுகிறது என்று வையுங்கள். அந்த 10:00 ரோவை அடுத்த லோடும் எடுக்காது. அதனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்னால் போய் எடுங்க. எவ்வளவு பின்னால்? உங்க சிஸ்டத்தின் மிக நீளமான ட்ரான்சாக்‌ஷனைவிடக் கூடுதலாக. ஒரே ரோ இரண்டு முறை வந்தாலும் அப்சர்ட் இருப்பதால் பிரச்சினை இல்லை.

வாட்டர்மார்க்கையும் டேபிள்வாரியாகச் சேமியுங்க. லோட் வெற்றிகரமாக முடிந்த பிறகே நகர்த்துங்க. அப்போதுதான் ஒரு டேபிள் ஃபெயில் ஆனாலும் அதை மட்டும் மறுபடி ஓட்டலாம்.

கோடு எழுதுவதற்கு முன் ஒவ்வொரு டேபிளையும் பார்த்து இதைக் கேளுங்க: இதில் ரோ சேருமா, மாறுமா, அழியுமா? நாங்க கேட்காமல் விட்டதை மேடம் கேட்டுட்டாங்க.