களஞ்சியத்தின் காவலர் நீங்களே! - குசினி அலுமாரிகளை எங்கே அமைப்பது?

 

வீடு கட்டும்போது முன்மண்டபத்துக்கும் வெளி மதிலுக்கும் காட்டுகின்ற அக்கறையில் பாதியைக் கூட நாம் குசினிக்குக் காட்டுவதில்லை. மேசன் சுவரை எழுப்புகிறார். குழாய் வேலை செய்பவர் தனக்கு இலேசான இடத்தில் குழாயைப் பொருத்துகிறார். எஞ்சிய இடத்தில் ஓடாவி அலுமாரியை அடித்துவிட்டுப் போகிறார். ஆனால், அடுத்த இருபது முப்பது வருடங்கள் அங்கு நின்று பாடுபடப் போகும் பெண்ணிடம் மட்டும் எவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

விளைவு என்ன? உப்பு ஒரு மூலையில், சட்டி மறு மூலையில். அரிசி எடுக்க முழந்தாளிட வேண்டும். பீங்கான் எடுக்கக் கதிரையில் ஏற வேண்டும். நாற்பது வயதுக்குள் இடுப்பு வலி, முழங்கால் வலி. "வேலை கூடிப்போச்சு" என்கிறோம். கூடியது வேலை மாத்திரமல்ல, வீண் நடையும் வீண் குனிவும்தான்.

யூஸுப் (அலை) அவர்களின் களஞ்சியம்

பொருட்களைச் சேமித்து வைப்பது மார்க்கத்துக்குப் புறம்பான சில்லறை விடயம் என எண்ணிவிடாதீர்கள். அல்குர்ஆனின் ஸூறா யூஸுபை ஓதிப் பாருங்கள். வரப்போகும் ஏழு பஞ்ச வருடங்களுக்காகத் தானியத்தை எப்படி வைக்க வேண்டும் என்று யூஸுப் (அலை) அவர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். அறுத்ததைக் கதிரோடு விட்டுவைத்து, உண்பதற்கான சிறிதளவை மட்டும் பிரித்தெடுக்கும்படி கூறுகிறார்கள். நாட்டின் களஞ்சியங்களைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு கேட்கும்போது, தமது இரண்டு தகைமைகளை முன்வைக்கிறார்கள். ஒன்று, பேணிப் பாதுகாப்பவர். மற்றது, விடயம் அறிந்தவர்.

குசினியும் ஒரு களஞ்சியம்தான். அங்கும் அந்த இரண்டு தகைமைகளும் வேண்டும். எந்தப் பொருளை எதிலிருந்து பாதுகாப்பது என்றும் தெரிய வேண்டும். எந்தப் பொருள் எங்கே எவ்வளவு இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். பெண் தன் கணவனின் வீட்டுக்குப் பொறுப்பாளி, அதுபற்றி அவள் விசாரிக்கப்படுவாள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அதை நிறைவேற்ற வேண்டிய இடத்தை அவரைக் கேளாமல் அமைப்பது நியாயமாகுமா?

முதலில் மஷூரா

பால்குடி மறக்கச் செய்யும் விடயத்தில் கூட கணவனும் மனைவியும் கலந்தாலோசித்து, மனமொத்து முடிவெடுப்பதைப் பற்றி ஸூறா பகறா பேசுகிறது. குசினி விடயத்திலும் அந்த ஒழுக்கம் நமக்குப் பொருந்தும். கிழக்கு மாகாணத்தில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அங்கே வாப்பாவும் காக்காமாரும் நின்று கட்டுவிப்பார்கள். உம்மாவையும் மகளையும் அழைத்து, "எந்த இடத்தில் அடுப்பு வேண்டும்?" என்று கேட்க எத்தனை நிமிடம் பிடிக்கும்?

ஓடாவியை அழைக்க முன்னர் ஒரு வேலை செய்யுங்கள். வெண்கட்டியால் நிலத்தில் கோடு போட்டு அடுப்பு, சிங்க், குளிர்சாதனப் பெட்டி, அலுமாரிகள் ஆகியவற்றின் இடங்களைக் குறியுங்கள். பின்னர், சோறு, இரண்டு கறி, ஒரு சம்பல் ஆக்குவது போல அந்தக் கோடுகளுக்கிடையே நடந்து பாருங்கள். அலுமாரிக் கதவு திறக்கும்போது எதில் முட்டும், அடுப்பிலிருந்து கொதிக்கும் பானையை இறக்கி எங்கே வைப்பது, இரண்டு பேர் நின்றால் இடம் போதுமா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். கோட்டை அழிக்கலாம், சீமெந்தை அழிக்க முடியாது.

உங்கள் உடம்பே அளவுகோல்

சமையல் மேடையின் உயரம் 36 அங்குலம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது எல்லோருக்கும் பொருந்தாது. நேராக நின்று முழங்கையை மடியுங்கள். முழங்கையிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருந்தால், காய்கறி வெட்டும்போது தோளும் வலிக்காது, முதுகும் வளையாது. ஐந்தடி உயரமுள்ள சகோதரிக்கு 32 முதல் 34 அங்குலம் வரை பெரும்பாலும் சரியாக இருக்கும்.

மேடையின் அகலம் 24 அங்குலம் போதும். அதற்கு மேலே தொங்கும் அலுமாரிக்கும் மேடைக்கும் இடையில் 18 அங்குலம் இடைவெளி விடுங்கள். தொங்கும் அலுமாரி 12 அங்குலத்துக்கு மேல் ஆழமாக இருந்தால் தலையில் இடிக்கும். கீழ் அலுமாரியின் அடியில், நிலத்தோடு 3 அல்லது 4 அங்குல உயரத்துக்கு உட்தள்ளி விடச் சொல்லுங்கள். கால்விரல்கள் உள்ளே போனால்தான் மேடையோடு நெருங்கி நிற்கலாம். எதிரெதிரே அலுமாரிகள் வருமானால் நடுவில் ஒருவருக்கு 42 அங்குலம், மாமியும் மருமகளும் சேர்ந்து சமைக்கும் வீடாயின் 48 அங்குலம் விடுவது நல்லது.

எந்தத் தட்டில் எதை வைப்பது? இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரம் அன்றாடப் பொருட்களுக்குரியது. இடுப்புக்குக் கீழே பாரமானவை: அரிசி, தேங்காய், பெரிய சட்டிகள், அம்மியும் உரலும். தலைக்கு மேலே பாரமில்லாத, எப்போதாவது தேவைப்படும் பொருட்கள் மட்டும். பாரமான தாச்சியைத் தலைக்கு மேல் வைப்பது, இன்று இல்லாவிட்டால் என்றாவது ஒருநாள் விழ வைப்பதாகும். கீழ்ப்பகுதியில் கதவு வைத்த அலுமாரியை விட லாச்சிகள் சிறந்தவை. இழுத்தால் பின்னால் உள்ளதும் கண்முன் வரும், முழந்தாளிடத் தேவையில்லை. செலவு கூடினால் இரண்டு லாச்சியாவது போடுங்கள்.

வேலையின் வரிசையில் பொருட்கள்

1926 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்க்பேர்ட் நகரில் தொழிலாளர் வீடுகளுக்காக மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு குசினியைத் திட்டமிட்டார். ஏறத்தாழ 6 அடி அகலமும் 11 அடி நீளமும் கொண்ட சிறு இடம். வேலைகளுக்கு எடுக்கும் நேரத்தைக் கணித்து, நடக்கும் தூரத்தைக் குறைத்து, பொருட்களுக்குப் பெயரிட்ட சிறு லாச்சிகளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார். மாவில் புழு பிடிக்காதிருக்க அதற்கு ஓக் மர லாச்சி அமைத்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அந்தக் குசினி அமைக்கப்பட்டது. பெரிய குசினிதான் நல்ல குசினி என்ற எண்ணம் சரியல்ல என்பதற்கு இது சான்று.

அடுப்பு, சிங்க், குளிர்சாதனப் பெட்டி ஆகிய மூன்றுக்கும் இடையே ஒரு முக்கோணம் வரைந்தால், அதன் மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகை 12 அடிக்குக் குறையாமலும் 26 அடிக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்று வீட்டமைப்பு நிபுணர்கள் கூறுவர். வேலை எந்த வரிசையில் நடக்கிறதோ அந்த வரிசையில் பொருட்களும் அமைய வேண்டும். எடுத்தல், கழுவுதல், வெட்டுதல், சமைத்தல், பரிமாறல். கத்தியும் வெட்டும் பலகையும் சிங்குக்கும் அடுப்புக்கும் இடையில். அகப்பை, உப்பு, தூள் வகைகள் அடுப்பிலிருந்து ஒரு கைநீள தூரத்தில். பீங்கான் கோப்பைகள் சாப்பாட்டு அறைப் பக்கமாக. அப்போது பரிமாற வரும் பிள்ளை அடுப்பைக் கடந்து வரத் தேவையில்லை.

நெருப்புக்குப் பக்கத்தில் எது?

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதில் இருந்தவர்களோடு தீப்பற்றி எரிந்தது. செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு மனிதருக்கு எதிரி என்றும் உறங்கும்போது அதை அணைத்துவிட வேண்டும் என்றும் கூறினார்கள். இரவில் பாத்திரங்களை மூடிவைக்கவும், விளக்கை அணைக்கவும், எலி திரியை இழுத்து வீட்டை எரித்துவிடக் கூடும் என்றும் மற்றுமொரு ஹதீஸில் எச்சரித்துள்ளார்கள். இவை புஹாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளன.

இன்று நமது குசினிகளில் திரிவிளக்கு இல்லை. காஸ் சிலிண்டர் இருக்கிறது. 2021 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நமது நாட்டின் பல ஊர்களில் சமையல் எரிவாயு தொடர்பான வெடிப்புகளும் தீவிபத்துகளும் நிகழ்ந்ததை நாம் மறக்கவில்லை. சமையல் எரிவாயு காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, நிலத்தோடு தேங்கும். ஆகவே, அழகுக்காக சிலிண்டரை நாற்புறமும் மூடிய அலுமாரிக்குள் ஒளித்து வைப்பது ஆபத்து. சிலிண்டர் நிமிர்ந்த நிலையில், காற்றோட்டமான இடத்தில் நிற்க வேண்டும். அலுமாரிக்குள்தான் வைக்க வேண்டுமென்றால், கதவின் அடிப்பாகத்தில் நிலத்தோடு ஒட்டிக் காற்று வெளியேறும் துவாரங்கள் கட்டாயம் தேவை. ரெகுலேட்டரை மூடக் கை இலகுவாக எட்ட வேண்டும். எட்டாத இடத்தில் இருந்தால் இரவில் மூட மாட்டோம்; நபியவர்களின் புத்திமதியும் கைவிடப்பட்டுப் போகும்.

2022 ஆம் ஆண்டில் காஸ் கிடைக்காமல் பலர் மீண்டும் விறகடுப்புக்குத் திரும்பினார்கள். இடமிருந்தால் புகை வெளியேறும் வழியோடு வெளிக்குசினியில் ஒரு விறகடுப்பை வைத்திருங்கள். விறகு, மண்ணெண்ணெய், கடதாசி, துணி எதுவும் அடுப்புக்கு அருகே தட்டில் இருக்கலாகாது.

சிறு பிள்ளைகள் உள்ள வீடு

பிஸ்கட் டின்னையும் சீனிப் போத்தலையும் அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் வைக்காதீர்கள். பிள்ளை அதை எடுக்க அடுப்பின் மீதே ஏறும். மண்ணெண்ணெய், மலசலகூடம் கழுவும் திராவகம், எலிப் பாஷாணம் ஆகியவை சிங்குக்கு அடியில் அல்ல, பூட்டுள்ள உயரமான அலுமாரியில், உணவுப் பொருட்களிலிருந்து தூரமாக இருக்க வேண்டும். அவற்றைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைப்பது பிள்ளையின் கையில் நஞ்சைக் கொடுப்பதற்குச் சமம். பிள்ளையின் கைக்கு எட்டும் கீழ்த் தட்டில் பிளாஸ்டிக் பாத்திரங்களை வையுங்கள். அது விளையாடட்டும்.

பின்னால் ஒளிந்திருக்கும் வீண்விரயம்

உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வீண்விரயம் செய்யாதீர்கள் என்பது அல்லாஹ்வின் கட்டளை. நம் வீடுகளில் வீண்விரயம் பெரும்பாலும் ஆழமான அலுமாரியின் பின்பக்கத்தில் நடக்கிறது. பயறு இருப்பது தெரியாமல் மீண்டும் பயறு வாங்குகிறோம்; பழையது வண்டு பிடித்துக் குப்பைக்குப் போகிறது. புதிதாக வாங்கியதைப் பின்னாலும் பழையதை முன்னாலும் வையுங்கள். பலசரக்குத் தட்டு ஒரு சாமான் ஆழத்துக்கு மட்டும் இருந்தால் எதுவும் ஒளிந்துகொள்ளாது.

நமது நாட்டின் ஈரக் காற்றையும் எண்ணிப் பாருங்கள். அரிசி மூடையை நிலத்திலும் சுவரிலும் முட்டாமல் பலகையின் மேல் வையுங்கள். மிளகாய்த் தூள், மல்லித் தூள் ஆகியவற்றில் ஒரு வாரத்துக்கு மட்டும் அடுப்படியில். மீதி இருட்டான, சூடு படாத தட்டில். மாசியையும் கருவாட்டையும் இறுக்கமான மூடியுள்ள டின்னில் தனியாக வையுங்கள். மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை தண்ணீர் பட்டால் ஊதிவிடும். சிங்குக்குக் கீழே அதைப் போடாதீர்கள். சீமெந்துத் தட்டும் அலுமினியக் கதவும் அங்கு நீடித்து உழைக்கும். கறையானும் எட்டாது.

ரமழானுக்கு ஒரு தட்டு

கஞ்சிப் பானை, பெரிய அகப்பை, சஹன்கள், இப்தார் கோப்பைகள் ஆகியவை வருடத்தில் ஒரு மாதம் மட்டும் ஓயாமல் உழைப்பவை. மற்றைய மாதங்களில் அவை மூலை அலுமாரியிலோ மேல் தட்டிலோ இருக்கட்டும். ஷஃபான் மாதத்திலேயே இறக்கிக் கழுவிக் கைக்கெட்டும் தட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஸஹர் நேரத்துத் தூக்கக் கலக்கத்தில் கதிரையில் ஏறிப் பாத்திரம் எடுக்கும் நிலை வரக் கூடாது.

காசு இல்லாமலும் செய்யலாம்

இதெல்லாம் வசதி படைத்தோருக்குத்தான் என்று எண்ண வேண்டாம். வட்டிக்குக் கடன்பட்டுப் பளபளக்கும் அலுமாரி அடிப்பதில் பரக்கத் இல்லை. வாடகை வீடாக இருந்தாலும், பழைய குசினியாக இருந்தாலும் ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். ஒரு கடதாசியை ஒட்டி வைத்து, ஒவ்வொரு பொருளை எடுக்கும்போதும் அதன் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். வாரக் கடைசியில், கோடு கூடிய பொருட்களை இடுப்புக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள தட்டுக்கு மாற்றுங்கள். கோடே விழாதவற்றை மேலேற்றுங்கள், அல்லது தேவையுள்ள ஓர் ஏழை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இதை வாசிக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஒரு நாள் பகற்சாப்பாட்டை நீங்களே சமைத்துப் பாருங்கள். எந்தத் தட்டு உயரம், எந்த லாச்சி இறுக்கம் என்பதை மனைவி சொல்லாமலே அறிந்துகொள்வீர்கள். அதன் பிறகு ஓடாவியிடம் பேசுங்கள்.

குசினியில் மீதப்படும் அரை மணி நேரம் குர்ஆன் ஓதவும், பிள்ளையின் பாடத்தைப் பார்க்கவும், சற்றுச் சாய்ந்து ஓய்வெடுக்கவும் உதவும். வல்ல அல்லாஹ் நமது இல்லங்களைத் தீ விபத்துகளிலிருந்தும் வீண்விரயத்திலிருந்தும் பாதுகாத்து, நமது அடுப்படிகளில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.