கீரைப் பாத்திக்குப் பச்சைச் சாணம் கூடாது

சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் வெள்ளாற்று அணைக்கட்டும் வீராணம் ஏரியும் நெல்லுக்கும் கரும்புக்கும் நீர் தருகின்றன. இவற்றோடு கொல்லையில் நாலு பாத்தி கீரையும், தொழுவத்தில் இரண்டு கறவை மாடுகளும் வைத்து அன்றாடச் செலவைச் சமாளிக்கும் குடும்பங்கள் உண்டு. கீரைக்குப் பச்சைச் சாணம் இட வேண்டாம் என்று கூறினால், "பாட்டன் காலத்திலிருந்து இதே சாணத்தைத்தானே போடுகிறோம்?" என்று உழவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சாணம் மாறவில்லை, அதிலுள்ள கிருமிகளில் சில மாறியிருக்கின்றன.

புதிய கிருமிகள்

'ஈ. கோலை' என்னும் பாக்டீரியா மனிதர், மாடு இரண்டின் குடலிலும் வாழ்வது. அதில் பெரும்பாலான வகைகள் தீங்கற்றவை. 1982-ல் அமெரிக்காவில் அரைவேக்காட்டு மாட்டிறைச்சி உண்டவர்களுக்கு இரத்த வயிற்றுப்போக்கு கண்டபோது, ஓ157 என்ற வகையே காரணம் எனத் தெரிந்தது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்று நச்சு உண்டாக்கும் மரபணுவை இதனுள் சேர்த்திருந்தது. இக்கிருமி மாட்டைப் பெரும்பாலும் பாதிப்பதில்லை. மாடு தீவனம் எடுக்கும், பால் கறக்கும். மனிதருக்கு நோய் வர நூறுக்கும் குறைவான கிருமிகளே போதும். சிறு குழந்தைகள் சிலருக்குச் சிறுநீரகமே செயலிழக்கும்.

2011-ல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயம் வழியாக ஓ104 என்ற வகை பரவி, 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நம் மாநிலத்திலும் இத்தகைய அனுபவம் உண்டு. ஓ139 என்ற புதுவகைக் காலராக் கிருமி 1992-ல் சென்னையில் முதலில் அறியப்பட்டது. சில மாதங்களில் கல்கத்தா, வங்கதேசம் வரை பரவியது. பழைய காலராவுக்கு உடலில் வளர்ந்திருந்த எதிர்ப்புச் சக்தி இதைத் தடுக்கவில்லை. ஆகவே பெரியவர்களும் பெருமளவில் நோயுற்றனர்.

எருவைப் பக்குவப்படுத்துதல்

மண்ணை ஒட்டி விளையும் பயிருக்குப் பச்சைச் சாணம் இட்டால், அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். தண்டுக்கீரையும் அரைக்கீரையும் சில வாரங்களிலேயே பறிப்புக்கு வந்துவிடும். எனவே இவற்றுக்கு நன்கு மட்கிய எரு மட்டுமே ஏற்றது.

சாணத்தையும் செத்தையையும் அடுக்கடுக்காகக் குவித்து ஈரம் காக்க வேண்டும். குவியலின் உள்ளே 55 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் மூன்று நாளாவது நீடித்தால் கிருமிகள் பெரும்பாலும் மடியும். இதை அறிய, ஓர் இரும்புக் கம்பியைச் செருகிச் சற்று நேரம் கழித்து உருவிப் பார்க்கலாம். கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். மேற்புறம் சூடேறாது. ஆகவே குவியலை நாலைந்து முறை கிளறி, வெளிப்புறத்தை உள்ளே தள்ள வேண்டும். மட்கிய குவியல் மீது மீண்டும் பச்சைச் சாணம் கொட்டினால் செய்த வேலை வீணாகும்.

கட்டிய கீரை வாடாதிருக்க, மாடு இறங்கும் குட்டையிலோ வாய்க்காலிலோ முக்குவது தவறு. கிணற்று நீரோ அடிபம்பு நீரோ தெளிக்கலாம்.

பால் கறக்கும்போது

மடியைச் சுத்தமான நீரில் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்த பிறகே கறக்க வேண்டும். கறப்பவர் கையைச் சோப்பால் கழுவுவது அவசியம். வெதுவெதுப்பான பாலில் ஒரு கிருமி 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பெருகினால், ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும். ஆகவே பாலைத் தாமதமின்றிச் சங்கத்தில் சேர்க்க வேண்டும். காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் சில கிருமிகள் முன்பே கக்கிய நச்சு காய்ச்சினாலும் அழியாது. பச்சைப் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

நோய் கண்டால்

குழந்தைக்கு வயிற்றுப்போக்கில் இரத்தம் தெரிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். போகும் வழியிலேயே உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து வரலாம். கடையில் தாமாக ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிக் கொடுக்கக் கூடாது. ஓ157 நோயில் அது சிறுநீரகக் கேட்டை அதிகரிக்கக்கூடும்.

விற்பனைக்குப் போகும் கீரையில் ஒரு பிடி நம் வீட்டு அடுப்புக்கும் வருகிறது. எருவை மட்க வைக்கப் பிடிக்கும் மூன்று மாதம் வீண் போகாது.