அமிலம் வரைந்த அடையாற்றுப் பாலம்

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்ரயில், கிண்டியைக் கடந்ததும் அடையாற்றின்மேல் செல்கிறது. அருகே சாலைப் போக்குவரத்துக்கு மறைமலை அடிகள் பாலம் உள்ளது. அது 1960களில் கட்டப்பட்டது. அதற்கு முன் அங்கே நின்றது மர்மலாங் பாலம். கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் 1726இல் தம் சொந்தப் பணத்தில் கட்டியது அது. பரங்கிமலைத் திருத்தலத்திற்கு ஏறும் படிகளை அமைத்தவரும் அவரே.

அந்தப் பழைய பாலம் எப்படி இருந்தது? ஓர் ஆங்கிலேய ஓவியரின் அச்சுப்படம் நமக்குக் காட்டுகிறது. தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1785இல் இந்தியாவுக்குப் புறப்பட்டார்கள். அப்போது வில்லியம் பதினாறு வயதைத் தாண்டாத சிறுவர். ஏறத்தாழ நம் வயதுதான், தோழியரே! 1792, 93ஆம் ஆண்டுகளில் அவர்கள் தென்னாட்டில் சுற்றி வரைந்தார்கள். பின்னர் இலண்டனில் 1795 முதல் 1808 வரை 144 படங்களை வெளியிட்டார்கள். அவற்றுள் ஒன்றே பரங்கிமலை அருகிலுள்ள ஆர்மீனியப் பாலம்.

இனி, படம் பிறக்கும் விதத்தைப் பார்ப்போம். வழவழப்பான செப்புத் தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சைத் தடவுவார்கள். ஊசியால் அதைக் கீறினால் கோடு விழுந்த இடத்தில் மட்டும் செம்பு தெரியும். தகட்டை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இட்டால், பூச்சுள்ள இடத்தை அமிலம் தொடாது; கீறிய இடத்தை மட்டும் அரிக்கும். செம்பும் இந்த அமிலமும் சேர்ந்தால் எழும் பழுப்புப் புகையை வேதியியல் பாடத்தில் நாம் படித்திருக்கிறோம் அல்லவா? இதுவே எச்சிங்.

ஆனால் கோடுகளால் பாலத்தின் வளைவுகளை வரையலாம். வானத்தையும் ஆற்றுநீரையும் எப்படி வரைவது? அதற்கு வந்ததே அக்வாடின்ட் முறை. தகட்டின்மேல் மிக நுண்ணிய பிசின் தூளைத் தூவி, அடியில் சூடேற்றுவார்கள். ஒவ்வொரு துகளும் உருகி ஒட்டிக்கொள்ளும். அமிலம் துகள்களின் இடுக்குகளில் புகுந்து, கண்ணுக்குத் தெரியாத குழிகளைப் பறிக்கும். வெளிறித் தெரியவேண்டிய வானத்திற்கு முதலிலேயே வார்னிஷ் பூசி மூடிவிட்டு, மற்றதை மீண்டும் அமிலத்தில் இடுவார்கள். எத்தனை முறை கடிக்கிறதோ அத்தனை கருமை. ஒரு நிமிடம் கூடினாலும் மேகம் மழைமேகமாகிவிடும்! பிறகு மை தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளை வைத்து உருளைக்கிடையே அழுத்தினால், குழிகளிலிருந்த மை தாளுக்கு ஏறும். படம் இடவலம் மாறி விழுமாதலால் தகட்டில் முன்னதாகவே மாற்றி வரைந்திருக்க வேண்டும்.

நிறங்களோ அச்சில் வந்தவை அல்ல. ஒவ்வொரு படியிலும் நீர்வண்ணத்தைக் கையால் தீட்டினார்கள். ஆகவே எந்த இரண்டு படிகளும் முற்றிலும் ஒன்றுபோல் இரா.

காட்சியை அழகுபடுத்திக் காட்டுவது அக்கால ஓவியரின் விருப்பம். அப்படியானால் இப்படத்தை நம்பலாமா? டேனியல்கள் காட்சியை நேரில் கண்டு, பிம்பத்தைத் தாளில் வீழ்த்தும் இருட்டறைப் பெட்டியின் துணையோடு கோடுகளை வரைந்தவர்கள். ஒளியும் நிழலும் வண்ணமும் சில ஆண்டுகள் கழித்து இலண்டனில் சேர்ந்தவை. பாலத்தின் வளைவுகளை நம்பலாம்; அடையாற்று வானத்தின் நிறத்தை மட்டும் சற்று யோசித்தே நம்பவேண்டும் என்பது எங்கள் கருத்து.