ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

முசரவாக்கத்தில் எங்கள் வீட்டுத் தறியருகே அமர்ந்து பாடம் படித்தவன் நான். புடவையில் கட்டம் போடும்போது அப்பா கேட்கும் முதற்கேள்வி, "இழை மீதியில்லாமல் பிரியுமா?" என்பதுதான். 60 இழைகளை 2, 3, 4, 5, 6 எனப் பலவாறு பங்கிடலாம். 61 இழைகளைப் பங்கிடவே முடியாது. மீதியின்றி வகுக்கும் எண்களைக் காரணிகள் என்கிறோம். 60க்குக் காரணிகள் 12, 61க்கோ இரண்டே.

தன்னிலும் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகளை உடைய எண்ணை 'மிகுகாரணி எண்' எனலாம். 12, 24, 36, 48, 60 ஆகியவை அத்தகையவை. இவற்றை ஆராய்ந்து கணிதமேதை ராமானுஜன் 1915இல் லண்டன் கணிதக் கழக வெளியீட்டில் நீண்ட கட்டுரை எழுதினார். அதில் 102 எண்களின் பட்டியல் உண்டு. அதன் கடைசி எண் 6746328388800. அதாவது, 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800!

இதன் காரணிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. பகா எண்களாகப் பிரித்தால்,

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

என வரும். ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் போதும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080 காரணிகள்.

அடுக்குகள் இறங்குவரிசையில் இருப்பதைக் கவனியுங்கள். 2 × 3² = 18; 2² × 3 = 12. இரண்டிற்கும் காரணிகள் ஆறே. ஆனால் 12 சிறியது. ஆகவே 18 தோற்றுவிடுகிறது. சிறிய பகா எண்ணுக்கே பெரிய அடுக்கு என்பது விதி.

ஒருநாள் இந்த எண்ணை 23ஆல் வகுத்துப் பார்த்தேன். 293318625600 கிடைத்தது. இதன் காரணிகள் 5040. இதுவும் மிகுகாரணி எண்ணே. ஆனால் ராமானுஜன் பட்டியலில் இது இல்லை! 4800 காரணிகளை உடைய 240940299600க்கும், 5376 காரணிகளை உடைய 321253732800க்கும் இடையே இது விடுபட்டுப் போயிற்று. கணிப்பொறி இல்லாத காலத்தில், கையால் போட்ட பட்டியலில் நேர்ந்த ஒரே விடுதல் இது.

ராமானுஜன் நம் காஞ்சிக்கு அந்நியரல்லர். 1892இல், சிறுவயதில், தாய்வழிப் பாட்டனார் வீட்டிலிருந்து இங்கே பள்ளிக்குச் சென்றவர். பின்னர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தார், எப்.ஏ. தேர்விலும் வெற்றி பெறவில்லை. அவருக்குக் கேம்பிரிட்ஜ் 1916இல் பி.ஏ. பட்டம் அளித்தது இந்த மிகுகாரணி எண் ஆராய்ச்சிக்காகத்தான்.

தேர்வில் தவறிய நண்பர்கள் இதை நினைவிற்கொள்ளட்டும். வென்றவர்களும் ஒன்றை மறக்க வேண்டாம்: மேதை போட்ட கணக்கானாலும் ஒருமுறை நாமும் போட்டுப் பார்ப்பதே கணிதத்திற்குச் செய்யும் மரியாதை. நெய்து முடித்த புடவையையும் அப்பா விரித்துப் பார்த்த பிறகுதான் மடிப்பார்.